பாங்காக், வழி: திண்டிவனம்

பாங்காக்,
(வழி) திண்டிவனம்.
ஆடி மாதம், வியாழக்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த சூர்யகலா அண்ணி அவர்களுக்கு, தங்கள் தம்பி மனைவி கலைப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கு நானும் குழந்தைகளும் நலம். 'இங்கு' என்றால் எங்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கு ஓசூரில் தாங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள், பாப்பாவின் பரீட்சைகள் நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று நான் சொல்லாதது இதுதான்: உங்கள் தம்பி இருக்கும் பாங்காக்குக்குப் போக எங்களுக்கு விசா வரவில்லை. வழியனுப்பு விழாவுக்கு விழுப்புரத்தில் நம் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். "எத்தினி மணிக்கு ஃபிளைட்டு?" என்று கேட்டவர்களிடம் டிக்கெட்டே போடவில்லை என்று நான் சொல்லவில்லை. சால்வை போர்த்தியவரிடம் சொல்லவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "பிளேன்ல ஒழுவாம புடிச்சிக்கோ" என்ற பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். குறைவாகப் பேசுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு அண்ணி, ஒரு பொய்கூடச் சொல்லாமல் பொய்க்குள் குடியிருக்கலாம். எதிர்வீட்டுத் துரைக்கண்ணு தன் பேனர் கடையிலேயே அடித்து மாட்டிய ஃபிளெக்ஸை நீங்கள் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். 'கடல் கடக்கும் கண்மணிகளே, வருக வருக' என்று முதலில் அடித்திருந்தார். போகிறவர்களைப் பார்த்து வருக என்றால் என்ன அர்த்தம் என்று மாமா சண்டை பிடித்ததில் அது 'செல்க செல்க' ஆனது. நடுவில் நானும் தமிழ்மணியும் பூவரசனும், எங்கள் தலைக்குப் பின்னால் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம். ஊர் தப்பு என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊருதான தங்கச்சி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். வளவனூருக்கும் கண்டமங்கலத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை மனதில் வைத்துப் பேசினார். என் பாஸ்போர்ட் படத்தைக்கூட யாருக்கும் காட்டாதவள் நான். பெட்ரோல் பங்க் பக்கத்தில் எட்டடி உயரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விசா இல்லாமல் எப்படிக் கிளம்பினீர்கள் என்று கேட்பீர்கள். தங்கள் தந்தையாராகிய மாமா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும். விசா இந்த வாரம் வரும், இந்த வாரம் வரும் என்று உங்கள் தம்பியின் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுடைய வாரத்துக்கு எத்தனை நாள் என்று தெரியவில்லை, அதற்குள் ஆனி முடியப் போனது. ஆடியில் குடிபெயரக் கூடாது. காலண்டரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல நாள். அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"விசா வர்றப்போ வரட்டும்மா. நாம டயத்துக்குக் கெளம்பிடணும்."

"எங்க மாமா கெளம்புறது?"

"பாங்காக்குக்குத்தான்."

"விசா இல்லாம எப்படி மாமா?"

"ஸ்டாண்ட வுட்டு வண்டி வெளிய போவுது. நேரா மெட்ராசுக்கா போயிடறான்? வெளிய நிறுத்தி டீசல் போடுவான், கண்டக்டரு டீ குடிச்சிக்கினு இருப்பான், ரயில்வே கேட்டுல அரை அவர் நிப்பான். ஆனா வண்டி கெளம்பிடுச்சா இல்லியா? கெளம்பிடுச்சு. அந்தக் காலத்துல இதுக்குத்தான் புறவீடு வுடறதுன்னு வச்சான். நல்ல நேரத்துல வாசல வுட்டு எறங்கி வேற ஒரு வீட்ல போயி இருந்துக்கினா பயணம் ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. என் தங்கச்சி கெங்கம்மா திண்டிவனத்துல தனியாத்தான கெடக்குது. ஆனா ஒண்ணு, கெளம்பின வண்டி மறுபடி ஸ்டாண்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா அதுக்குப் பேரு பிரேக் டவுன்."

உங்கள் தம்பியிடம் போனில் சொன்னேன். "ரெண்டு நாளுதான கலை, அப்பா சொல்றத கேட்டுடு, பேஜாரு பண்ணாத" என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆக, வேன் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா சட்டைப் பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்து ஊதினார். தெரு கைதட்டியது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பூவரசன், "கடல் எப்பம்மா வரும்?" என்று கேட்டான். கடல் வருவதற்கு முன்னால் கெங்கம்மாள் அத்தை வீடு வந்துவிட்டது. அத்தை வாசலில் நின்றுகொண்டு, "வாங்கம்மா பாங்காக்கு. செருப்ப வெளிய வுடுங்க" என்றார்.

மாமா முன்கூட்டியே தன் தங்கையிடம் சட்டதிட்டங்களைச் சொல்லியிருந்தார். முதலாவது, நாங்கள் பாங்காக்கில் இருப்பதால் பாங்காக் நேரப்படிதான் இருக்க வேண்டும், குழந்தைகளுக்கும் பழகும். கூடத்துக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தாயிற்று. அத்தைக்குத் தன் சமையலறைக் கடிகாரத்தைத் தொட விருப்பமில்லை, பால்காரன் வரும் நேரம் குழம்பிவிடுமாம். எனவே இந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது. பதினோரு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க இறக்கிய குழம்பு, நிலைப்படியைத் தாண்டும்போது பன்னிரண்டரை மணிப் பழசு. அத்தை டிவியில் எட்டு மணித் தொடருக்காகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்பதரை ஆகிவிட்டதென்று குழந்தைகள் விளக்கை அணைக்கிறார்கள், இருட்டில் தொடர் பார்த்துப் பார்த்து அத்தைக்குக் கண் எரிகிறது. இரண்டாவது சட்டம், கடைத்தெருப் பக்கம் தலை காட்டக் கூடாது, விழுப்புரத்துக்காரர்கள் யாராவது பஸ்ஸிலிருந்து பார்த்துவிடுவார்கள். அண்ணி, இந்தப் பெரிய ஊருக்காக நான் எவ்வளவு படித்து வைத்திருந்தேன். அதன் ஆறு, அதன் கால்வாய்கள், படகில் ஆபீஸ் போகிறவர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறும் என்பதுவரை. இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நீர்நிலை அத்தை வீட்டுப் பின்கட்டுத் தொட்டி. "வெளிநாடு போனா வீட்டுக்குள்ளயே அடைஞ்சி கெடக்கணும்னு எல்லாரும் சொல்வாங்கம்மா, நெசந்தான் போலக்குது" என்று அத்தை என்னைத் தேற்றினார். குடும்பக் குழுவில் நீங்கள் "அங்க வெயில் எப்படி?" என்று கேட்டதற்கு "விழுப்புரம் மாதிரியேதான்" என்று பதில் போட்டேனே, அது சத்தியம்.

அடுத்த சங்கதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் வந்த மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்ச் சாரியில் டீக்கடை வாசலில் மாமா நிற்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் இருக்கிறதே, முதல் வண்டியிலேயே வந்திருக்கிறார். ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டு, எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்க்கிறார். பூவரசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தாத்தா! தாத்தா!" என்று கத்தினான். மாமா வானத்தைப் பார்த்தார்.

"ஏம்மா தாத்தா நம்மளப் பாக்க மாட்டேங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ்மணி சொன்னாள்: "டேய், நாமதான் பாங்காக்குல இருக்கமே. தாத்தா திண்டிவனத்துல இருக்காரு. எப்பிடிடா தெரியும்?"

மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை. எனக்கு அன்றைக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அன்று முதல் மாமா தினமும் வருகிறார். வந்து நின்று, கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே வீடியோ கால் செய்கிறார். போனில் அவர் முகத்துக்குப் பின்னால் டீக்கடைப் பாய்லர் தெரிகிறது. "கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம்! ஏறு ஏறு, ஜல்தி ஏறு!" என்று கண்டக்டர் கத்துவது ஜன்னல் வழியாக ஒரு தரமும் போன் வழியாக ஒரு தரமும் கேட்கிறது.

"என்னம்மா அங்க ஒரே சத்தம்?" என்கிறார் மாமா.

"டிராஃபிக் மாமா."

"பெரிய ஊருன்னா அப்பிடித்தான் இருக்கும். புள்ளைங்கள ரோட்டுப் பக்கம் வுடாத. சாப்டாங்களா? அங்க மணி என்ன?"

சொல்வேன். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் கழித்துச் சரிபார்த்துக்கொண்டு, "கரெக்டு" என்பார்.

இப்படியே போயிருந்தால்கூட நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். பூவரசனுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கிவிட்டது, சட்டம் பார்க்க முடியுமா, முக்காடு போடாத குறையாக அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு பல் டாக்டரிடம் ஓடினேன். உள்ளே நுழைந்தால் வரிசையில் முதல் ஆளாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு துரைக்கண்ணு! ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிறவர், வந்த இடத்தில் பல்வலி. நான் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். கண்ணில் பட்டாயிற்று.

"கலை! என்னம்மா, போன வேகத்துல வந்துட்டீங்க?"

"ஒரு வேலையா வந்தோம்ண்ணே."

வீங்கின கன்னத்தோடு பூவரசன் திருத்தினான்: "வர்ல அங்கிள். நாங்க பாங்காக்குலதான் இருக்கோம்."

துரைக்கண்ணு அவனையும் அவன் கன்னத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய மூளை வேலை செய்வது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் விழுப்புரம் முழுக்கச் சேதி: "பாங்காக்குல ஒரு பல்லு புடுங்கணும்னா வீட்டையே விக்கணுமாம்ப்பா. அதான் பிளேன் புடிச்சி திண்டிவனம் வந்து புடுங்கிக்கினு அடுத்த பிளேன்ல போயிட்டாங்க." இத்தோடு விட்டாரா? அந்த டாக்டரையும் கையோடு பிடித்து ஓர் ஆர்டர் வாங்கிவிட்டார். இப்போது திண்டிவனத்தில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்குகிறது: 'பாங்காக்கிலிருந்தும் தேடி வருகிறார்கள்!' கீழே பூவரசன் படம். பழைய பேனரிலிருந்தே வெட்டி எடுத்தது. பின்னால் அதே இரட்டைக் கோபுரம். மாமா அதன் எதிரே நின்று படித்துவிட்டு வந்து வீடியோ காலில், "நம்ம பையன் படம் திண்டிவனத்துல போட்டிருக்கான்மா. நீங்க ஊர்ல இருந்தா பாத்திருக்கலாம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாயிற்று. இங்கே சேர்க்க முடியாது, அங்கே போக முடியாது. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் நானே சொல்லிக்கொடுக்கிறேன், அதில் குறையில்லை. ஆனால் போன வாரம் உங்கள் தம்பி போனில் தன் அறையின் ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினார். ஆறு, அதன் மேல் ஒரு பாலம், விளக்குகள். தமிழ்மணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போனை வைத்த பிறகு கேட்டாள்: "அம்மா, அப்பா இருக்கிறது வேற பாங்காக்கா?"

பதினோரு மாதமாகப் போனில் மட்டும் இருக்கிற அப்பா. சாலைக்கு அந்தப் பக்கம் மட்டும் இருக்கிற தாத்தா. அன்று நான் முடிவு செய்தேன், விசா வரும்வரை விழுப்புரத்துக்கே போய்விடுவது, ஃபிளெக்ஸ் கிழிந்தால் கிழியட்டும், மானம் போனால் போகட்டும், பிள்ளைகளாவது தாத்தா மடியில் உட்காரட்டும் என்று. பெட்டியை எடுத்து வைத்தேன். கெங்கம்மாள் அத்தை பார்த்துவிட்டார்.

"எங்க போற?"

"ஊருக்கு அத்தை. மாமாவோட சாஸ்திரத்துக்காகப் புள்ளைங்களைப் பைத்தியமாக்க முடியாது."

அத்தை கேப்பை மாவு பிசைந்த கையோடு வந்து பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். "சாஸ்திரமாவது மண்ணாவது. எங்க அண்ணனுக்கு எந்தக் காலத்துல சாஸ்திரம்? உன் மாமியாரு செத்தப்போ பதினாறாம் நாளே டூட்டிக்குப் போன ஆளு. உங்கள வேன்ல ஏத்தி வுட்டுட்டு அன்னிக்குப் பொழுதுக்கும் சாப்புடல அது. எனக்குப் போன் பண்ணி இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'கெங்கம்மா, ஒரு வாட்டி அனுப்பிட்டேன். திரும்பி வந்தா இன்னொரு வாட்டி அனுப்பணும். அது என்னால ஆவாது. அங்கயே வச்சிக்கோ'ன்னுச்சு. நீ இப்ப வீட்டுக்குப் போயி நின்னா வாய்க்கு வந்த சாஸ்திரத்த எல்லாம் சொல்லும். சொல்றதுக்கு அது கிட்ட வேற இன்னா இருக்குது?"

நான் பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அடுக்கினேன். முப்பது வருஷம் வண்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்த மனிதர் என்பதால் அனுப்புவது அவருக்கு எளிது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகையால் அண்ணி, தங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. மாமா யார் பேச்சையும் கேட்க மாட்டார், தங்கள் பேச்சைக் கேட்பார். எங்களை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டாம். அந்தச் சாலையைத் தாண்டச் சொல்லுங்கள், அது போதும். முப்பதடி சாலை. இந்தப் பக்கம் பாங்காக் என்றே அவர் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாஸ் செல்லும் தூரம்தான். வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, பிள்ளைகளைத் தொட்டுவிட்டுப் போகட்டும். இதை நான் ஏன் நேரில் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் எதைத்தான் நேரில் சொல்லியிருக்கிறேன்? போனிலும் பேச முடியாது. இந்த வீட்டில் போன் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்.

அண்ணனுக்கு என் வணக்கம். பாப்பா நன்றாகப் படிக்கட்டும், அவளுக்கு எங்கள் மூவரின் முத்தங்கள். தமிழ்மணியும் பூவரசனும், அந்நிய மண்ணிலிருந்து என்று எழுதச் சொல்கிறார்கள், தங்கள் பாதங்களில் விழுந்து வணங்குகிறார்கள். தங்கள் குடும்பத்தில் எல்லா நலனும் தங்கி, எல்லாப் பயணங்களும் சொன்ன ஊருக்கே போய்ச் சேர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கலைப்பிரியா.

பி.கு.
பாங்காக் (இடைநில்லா),
ஆவணி மாதம்.

அண்ணி, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். மாமாவிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது, கம்பெனி மறுநாளுக்கே டிக்கெட் போட்டுவிட்டது, தபாலில் போட நேரமில்லாமல் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேன் வாசலில் நிற்கிறது. கெங்கம்மாள் அத்தை நிலைப்படியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். "பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம். தாண்டக் கூடாது." டிரைவர், "பன்னெண்டுக்கு எடுத்தா பெருங்களத்தூர்ல மாட்டிக்கினு சாவணும். பிளேன் போயே பூடும்" என்று கத்துகிறார். எதிரே டீக்கடையில் மாமா பெட்டிகள் ஏறுவதைப் பார்த்தார். கிளாஸை வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைத் தாண்டி, கூடத்துக்குள் வந்து நின்றார். பிள்ளைகள் பழகிய பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"டேய். நான்தாண்டா."

பூவரசன் மெதுவாகத் திரும்பினான். "தாத்தா, நீயும் பாங்காக் வந்துட்டியா?"

"வந்துட்டேன்டா."

இரண்டு பேரையும் ஒரே கையில் வாரிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மற்றொரு கை முகத்தில் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பன்னெண்டேகால். ராகு காலம் முடிஞ்சு போச்சு. ஏறுங்க."

"ண்ணே, அது பாங்காக்கு டைமு!" என்றார் அத்தை.

"இவங்க எங்க இருக்காங்க?"

அத்தை கையை இறக்கினார். மாமா வேன் கதவைத் தானே சாத்தினார், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். நாங்கள் கிளம்பினோம். எதிரே நின்றிருந்த விழுப்புரம் பஸ்ஸும் அந்த விசிலுக்கே கிளம்பிவிட்டது. டீ கிளாஸோடு நாலைந்து பேர் பின்னாலேயே ஓடினார்கள். மாமா போக வேண்டிய வண்டியும் அதுதான்.

நாங்கள் அன்று இரவே வந்து சேர்ந்தோம். உங்கள் தம்பி விமான நிலையத்தில் காத்திருந்தார். மாமா அடுத்த வண்டியில் விழுப்புரம் போனார். கூடத்துக் கடிகாரத்தை மாற்ற அத்தை நாற்காலி போட்டு ஏறியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சனிக்கிழமைகளில் திண்டிவனம் வந்து, அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு வீடியோ கால் செய்கிறார். கண்டக்டர் கத்துவது இப்போது போனில் மட்டும்தான் கேட்கிறது.